கிஃப்ட் என்ற சொல்லின் வாரிசுகள்

கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எனக்கு ஜெர்மன் வகுப்பு. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில் சேர்ந்திருந்தேன். ஆளுக்கொரு சொல்லின் வம்சாவளியைப் பேசிக் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். எனக்கு வந்தது 'கிஃப்டிஸ்'. ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் எல்லாவற்றுக்கும் தாயான பழைய மொழியின் சொல். பொருள், கொடுப்பது. அதை யாரும் எழுதி வைத்ததில்லை. பேரன்களின் மூக்கைப் பார்த்துத் தாத்தாவை வரைவதுபோல அறிஞர்கள் ஊகித்தது.

ஆங்கிலத்தில் அது பரிசாகப் பிழைத்துக்கொண்டது. ஜெர்மனில் மருந்து கொடுப்பது என்ற வழியாகப் போய் விஷமாகிவிட்டது. ஸ்வீடிஷில் கல்யாணமானவர், விஷம் இரண்டுக்கும் ஒரே சொல். அவர்களுக்கு அதில் குழப்பமில்லையாம். ஜெர்மனில் 'மிட்கிஃப்ட்' என்றால் வரதட்சணை. ஜெர்மனில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. பெண்பாலாக இருந்த சொல் விஷமானபின் அஃறிணைக்கு மாறிவிட்டது. வரதட்சணையில் மட்டும் இன்றும் பெண்பால். வேறு என்ன பாலாக இருக்கும்.

ஒத்திகை கேட்க வீட்டில் அப்பாதான் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் சரி என்பவர். முழுவதும் கேட்டுவிட்டு, இது பரீட்சைக்கு வருமா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முப்பத்தொன்றில் வந்த வரன். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அப்பாவுக்குக் கவலை. பையனை எனக்குப் பிடித்திருந்தது. ஜெர்மன் எப்படிப் போகிறது என்று கேட்டார், பதிலையும் கேட்டார். காபி முடிந்ததும் அவருடைய அப்பா ஆரம்பித்தார்.

"எங்களுக்கு டிமாண்ட் ஒண்ணும் கெடையாது, கேட்டேளா. பொண்ணுக்கு கிஃப்ட்டா நீங்க பாத்துச் செஞ்சா போறும். காரோ ஃபிளாட்டோ, உங்க இஷ்டமாக்கும்."

வரதட்சணை என்று இப்போது யாரும் சொல்வதில்லை, அது சட்டப்படி குற்றம். கிஃப்ட் குற்றமில்லை. பையன் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சரி என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த வார்த்தையோட குடும்பம் அவ்வளவு நன்னா இல்லை சார். எங்க பொண்ணு விசாரிச்சுட்டா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று எழுந்தார்கள்.

வாசல்வரை போய்விட்டு வந்த அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்றார். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்ததா என்று அப்போதுதான் கேட்டார்.

"பிடிச்சுதான் இருந்தது. ஆனா அவரோட அப்பா கேட்டப்போ அவர் வாயே தெறக்கல்லையே."

"நீயும் தெறக்கல்லையே" என்றார் அப்பா.