தாஸிம் ஹாஜியாரின் கண்

பேருவளைச் சீனன்கோட்டை மாணிக்கக்கல் சந்தையில் தாஸிம் ஹாஜியாருக்குத் தன் கண்ணைப் பற்றி இருந்த பெருமை, பள்ளிவாசல் மினாராவை விட உயரம். "நாப்பது வருசம். ஒரு கல்லும் என்னய ஏமாத்தினதில்ல" என்பார். கேட்காதவரிடமும் சொல்வார்.

யாராவது ஒரு நீலக்கல்லைக் கொண்டுவந்தால் காலை வேளையில், வடக்குப் பார்த்த ஜன்னல் நிழலில், இடுக்கியால் தூக்கிப் பார்ப்பார். பார்க்கும்போதே உதடு கோணிவிடும். "இதுவா நீலம்? உடுப்புக்குப் போடுற நீலத்தண்ணி இதவிட நல்லா ஈக்கும். நெறமெல்லாம் அடியில ஒரு பொட்டு. சரிச்சுப் பாரு, வெறும் கண்ணாடி!" கொண்டுவந்தவன் முகம் தொங்கிப்போக, ஹாஜியாருக்கு இஞ்சித் தேத்தண்ணி இனிக்கும். சொல்வது பல நேரம் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் அவரைக் கெடுத்தது.

அவர் மனைவி ஸுல்பியாவிடமும் ஒரு கல் இருந்தது. அவள் வாப்பா மௌத்தாகுமுன் அவளுக்கென்று விட்டுப்போன ஒரே பொருள். பால் கலந்த சாம்பல் நீலம், புளியங்கொட்டை பருமன், மேல்பக்கம் ஆற்றில் உருண்டு வழுவழுத்தது. ஏலக்காய் டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

ஒரு நாள் உச்சி வேளையில் தேங்காயெண்ணெய்க் கையோடு அதை எடுத்தாள். அடுக்களை ஜன்னல் வெயில் கல்லின் மேல் விழுந்தது. உள்ளே ஆறு கால் நட்சத்திரம் ஒன்று எழும்பியது. கையை அசைத்தால் அதுவும் வழுக்கி நகர்ந்தது. கல்லைப் பிடித்தபடியே முன்னறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்கோ! வாப்பாட கல்லுக்குள்ள நட்சத்திரம் ஈக்கி! வெயில்ல பாருங்கோ!"

ஹாஜியார் சாய்வு நாற்காலியை விட்டு அசையவில்லை. "வெயில்ல கல் பாக்கிறவன் வியாபாரியா? வெயில் அடிச்சா மண்ணாங்கட்டியும் மினுங்கும். நீ கறியப் பாரு, புள்ள."

நட்சத்திரக் கல்லை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று பேருவளையில் தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். ஹாஜியாருக்கும் தெரியும். பெண்சாதி சொல்லி எழும்புவதா என்பதுதான் அவருடைய பிரச்சினை.

அடுத்த வாரம் ஸுல்பியா தங்கச்சி வீட்டுக்கு மூன்று நாள் போனாள். பால் கலங்கிய கற்களில் சில நெருப்பில் சுட்டால் தெளிந்து நீலமாகும். ஹாஜியார் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டப்பாவைத் திறந்தார். கொல்லைப்புறக் கேஸ் உலையில் கல்லை வைத்துச் சுட்டார்.

"பாரு, கழுவித் தொடச்ச மாதிரி ஆக்கித் தந்தீக்கன்" என்று, அவள் திரும்பி வந்ததும் நீட்டினார்.

கலங்கல் போயிருந்தது. நீலமும் வரவில்லை. அவள் எண்ணெய் தடவி, வெயிலில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒன்றுமே எழும்பவில்லை. அந்தக் கலங்கலில்தான் நட்சத்திரம் இருந்தது. வாய்விட்டு அழுதாள்.

"ஒரு கல்லுக்கா இந்த அழுக? நான் பாத்தேனே, அதுல ஒண்டும் ஈக்கல்ல" என்றார் அந்த மகா கண்காரர்.

ஸுல்பியா கல்லை மறுபடி ஏலக்காய் டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ரஸீன் முதலாளி வந்தார். ஒரு நல்ல கல் கையில் இருந்தது. அதைச் சுடலாமா, அப்படியே விடலாமா என்று ஹாஜியாரின் வாயால் கேட்க வந்திருந்தார். மடித்த காகிதப் பொட்டலம் மேசையில் கிடந்தது. பிரிப்பதற்கு முன்பே ஹாஜியார் ஆரம்பித்துவிட்டார். "நாப்பது வருசம், ரஸீன். ஒரு கல்லும் என்னய..."

வியாபாரத்துக்கு ஆள் வந்தால் அடுக்களை வாசலைத் தாண்டாத ஸுல்பியா, அன்றைக்கு முன்னறைக்கே வந்தாள். ஒரு கையில் தேங்காய்ப்பால் வட்டலப்பத் தட்டு. மறு கையில் அந்தக் கல்லும் ஒரு டார்ச்சும்.

"அடிச்சுப் பாருங்கோ, தம்பி."

ரஸீன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். திருப்பினார். "ஒண்டுமில்லயே, ராத்தா?"

"முந்தி ஈந்திச்சி. ஆறு கால் நட்சத்திரம். எங்கட வாப்பா தந்த. இவர் வெயிலுக்கு வந்து பாக்காமலே சுட்டுப்போட்டார்."

ரஸீன் கல்லை மெதுவாக அவள் கையிலேயே வைத்தார். பிறகு, பிரிக்காத பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வட்டலப்பத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.