அவரைப் பச்சைக் கட்டத்துக்குக் கொண்டுவந்தேன்

என் கணவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. தலை முடிந்த இடத்தில் தோள் தொடங்கிவிடும். புத்தளத்து உப்பளங்களில் இருபது வருடம் உப்பு மூட்டை சுமந்து லொறியில் ஏற்றியவர். கல்யாணச் சட்டை கையில் ஏறாமல், தையல்காரர் அக்குளில் வேறு துணி வைத்துத் தைத்ததைச் சொல்லி என் தங்கைகள் இன்றும் சிரிப்பார்கள். வயிறு மட்டும் தட்டை. சாரத்தை ஒரு முறை மடித்துச் செருகினால் நாள் முழுக்க அவிழாது.

நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையில் விழுந்தால் உம்மாமார் சிரித்துக்கொண்டு போவார்கள். கீழே இறங்கினால் நான் அவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவேன். பச்சை என்றால் நல்லது, மற்ற நிறமெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் கவனக்குறைவு. பதினைந்து வருடமாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

அவருக்கு நாற்பது வயதானபோது நான்தான் வற்புறுத்திக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். பிரஷர் சரி, சீனி சரி. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை எண்பத்து நான்கு கிலோ. எடையை உயரத்தால் பிரித்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் பிரிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது, உடற்திணிவுச் சுட்டி என்பார்கள். தாதி இளம் பெண். சுவரில் இருந்த அட்டையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய்ச் சிவப்புக் கட்டத்தில் நிறுத்தினாள்.

"முப்பதுக்கு மேல போயிட்டுது. இது உடற்பருமன்" என்றாள்.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "மிஸ், இது திண்டு வந்த ஒடம்பில்ல. தூக்கி வந்த ஒடம்பு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாதியும் சிரித்தாள். "அட்டையில சிவப்புலதானே நிக்கிது" என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது, வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பச்சையில் வைக்கிற டீச்சரின் கணவர் சிவப்பில் நிற்கிறார் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வழி நெடுகிலும் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"நான் கொறைஞ்சா மூட்டை கொறையுமா?" என்று கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீரையைப் பருப்புக்குள் ஒளித்துக் கொடுத்துப் பழகியவள் நான். சொன்னால் முரண்டு பிடிக்கிறவர்களுக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும். அவர் சாப்பிடுகிற பெரிய பீங்கானை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டுச் சின்னதில் சோறு வைத்தேன். மீன் இரண்டு துண்டு ஒன்றானது. முட்டை நின்றது. 'இன்னும் வைக்கவா' என்று கேட்கிற வழக்கத்தையும் நிறுத்தினேன். கேட்டால் வை என்று சொல்லிவிடுவாரே!

நாட்டில் விலையெல்லாம் தலைகால் தெரியாமல் ஏறிய வருடம் அது. பாணுக்கும் வரிசை, காஸுக்கும் வரிசை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வைத்ததைத் தின்று, பீங்கானை வழித்து, கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப்போவார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பின்னேரம் அஸர் தொழுகைக்கு வீடு வருகிறவர் பொழுதுபட்டு மஃரிபுக்கு வரத் தொடங்கினார். இரண்டாவது லொறிக்கும் மூட்டை ஏற்றுகிறாராம். நல்லது, இன்னும் இளைப்பார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

எண்பத்து நான்கு எழுபத்தேழானது. பிறகு எழுபத்தொன்று. எட்டாவது மாதம் அறுபத்தேழு கிலோவில் விரல் பச்சைக்கு வந்தது. "எல்லாரும் இவரைப் பாருங்க" என்று தாதி கை தட்டினாள். அன்று நான் வட்டிலப்பம் செய்து அயல் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை.

அவருக்குக் கழுத்து முளைத்திருந்தது. சட்டைக் கைக்குள் காற்று ஓடியது. அவரோடு மூட்டை ஏற்றுகிறவர் ஒருவர் என்னைக் கடையில் கண்டு, "தங்கச்சி, அவருக்குச் சீனி வருத்தமா?" என்று கேட்டார். "இல்ல நானா, சுகமாயிட்டார்" என்றேன். வீட்டில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று என் கணவர் மூச்சு வாங்கியதை இரண்டு தடவை கண்டேன். கண்டும், வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே விழுந்தார். லொறிக்கு ஏறுகிற பலகையில் பாதி வழியில் கால் நடுங்கி, மூட்டையோடு சரிந்தார். வலது தோளின் தசைநார் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா இரண்டு கையையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எப்படி இவ்வளவு இளைச்சீங்க?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். சிவப்புக் கட்டத்தையும் சின்னப் பீங்கானையும், அவருக்கே தெரியாமல் சோற்றைக் குறைத்துப் பச்சைக்குக் கொண்டுவந்ததையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "தராசுக்குச் சதையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. ரெண்டையும் சேர்த்துத்தான் நிறுக்கும். என்னைப் போல கதிரையில இருக்கிற ஆளுக்கு அந்தக் கணக்குப் பெரும்பாலும் சரி. மூட்டை தூக்குற ஆளுக்கு இடுப்பைச் சுத்தி ஒரு டேப்பாவது பிடிச்சுப் பார்த்திருக்க வேணும். இவர்ட ஒடம்புல கொறையிறதுக்குக் கொழுப்பு இருக்கல்ல. சதைதான் போயிருக்கு."

அப்போதுதான் அவர் கட்டிலில் இருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஊட்டுல அரிசி இருந்திச்சா?"

இருந்தது. விலை ஏறும் முன்பே நான் வாங்கிவைத்த இரண்டு மூட்டை அடுப்படி மூலையில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர் அல்லர். ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு வரும்போது மெதுவாகச் சொன்னார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதி முகாமுக்கு வந்த குடும்பம் அவருடையது. அப்போது அவருக்கு எட்டு வயது. "முகாமில என்ட உம்மா இல்ல எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. பீங்கானைத்தான் சின்னதாக்குவா. நாங்களும் கேக்கமாட்டம். நீயும் அப்பிடித்தான் எண்டு நெனச்சன். கேட்டா ஒனக்கு வெக்கமாப் போயிரும். அதுதான் ரெண்டாவது லொறியும் ஏத்தினன்."

அழுதேன். வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று அழுதேன்.

அந்த அட்டை பொய் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. என்னை அது செம்மஞ்சளில் நிறுத்தியது, நிறுத்தியது நியாயம்தான், நான் இப்போது தினமும் களப்புக் கரையோரம் நடக்கிறேன். ஆனால் அவரை அது முதலில் நோயாளி என்றது, இப்போது சுகதேகி என்கிறது. தோள் சரிவரவில்லை. உப்புக் களஞ்சிய வாசலில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறார். கை மெலிந்து, வயிறு வந்து, சாரத்துக்கு இடுப்புப் பட்டி கட்டுகிறார். போன தடவை சீனி எல்லையைத் தொட்டுவிட்டது. எடை அறுபத்தெட்டு. விரல் இன்னும் பச்சையில்தான் நிற்கிறது. நான் கிளினிக்கில் சண்டை பிடித்து அவர் இடுப்பை அளக்கவைத்தேன்.

ஆனால் வீட்டில் என் சண்டை எடுபடவில்லை. அரிசி இருக்கிறது என்று சொல்லியாயிற்று, மூட்டையை இழுத்துவந்து காட்டியுமாயிற்று. இன்றும் சோறு வைத்தால் அவர் கை உடனே இறங்குவதில்லை. முதலில் என் பீங்கானைப் பார்ப்பார். அதில் சோறு இருப்பதைக் கண்ட பிறகுதான் தன்னுடையதைப் பிசைவார்.