கடைசிக் கல்

நம்பாதவர்கள் என் அண்ணனின் வலது கையைப் பார்க்கலாம். இரண்டு விரல்களில் இன்னும் நகம் முளைக்கவில்லை. கட்டுக்கதைக்கு யாரும் நகத்தைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணன் கொத்தனார். கடலோரக் குகை ஒன்றில் வேலை வந்தது. அந்தக் காலத்தில் அரசனின் வீரர்கள் துரத்தியபோது, கிறிஸ்தவப் புனிதர் ஒருவர் தம் ஆட்களோடு ஒளிந்திருந்த குகை அது. வீரர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தும், உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லையாம். இப்போது கடல் ஏறினால், பின்சுவரில் ஆள் நுழைந்து உட்காரும் அளவுக்கு இருந்த பொந்து வழியாகத் தண்ணீர் வழிபாட்டுப் பீடம் வரை வந்தது. பொந்தைக் கல் வைத்து அடைக்க வேண்டும்.

சாந்து குழைக்க மச்சானைக் கூட்டிப் போனார் அண்ணன். அண்ணியின் ஒரே தம்பி. பட்டப்பெயர் ரேடியோ. தூக்கத்தில்கூட வாய் ஓயாது.

"அவனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணிப் பக்கம் விட்டுடாதீங்க," என்று அண்ணி சொல்லித்தான் அனுப்பினார்.

மதியத்துக்குள் பாதிச் சுவர் எழும்பியது. அண்ணன் வெளியே போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பினார். சட்டி நிறையச் சாந்து இருந்தது. ரேடியோவைக் காணோம். வம்பளக்க ஆள் தேடிப் போயிருப்பான் என்று நினைத்து, மீதிக் கல்லை அடுக்கினார்.

காற்றே இல்லை. ஆனாலும் பீடத்து மெழுகுவர்த்தியின் சுடர் பொந்துப் பக்கமே சாய்ந்திருந்தது...

ஒரு கல் பாக்கி. தொட்டியோ குழியோ, உள்ளே குரல் கொடுக்காமல் அண்ணன் எதையும் மூட மாட்டார். தொழில் பழக்கம்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்ல மாமா. மூடுங்க."

ரேடியோவின் குரல். குகைக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. வாசலில் நின்று கிண்டல் செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே கல்லை வைத்தார்.

வெளியே வந்தார். மண்வெட்டி மட்டும் கிடந்தது. அலை பாறையில் ஏறிக்கொண்டிருந்தது.

சளப்... சளப்...

"டேய் ரேடியோ..."

உள்ளே ஓடினார். சுவரடியில் காலிச் சிமெண்டுச் சாக்கு. அதற்கு அடியில் ரேடியோவின் செருப்பு.

கல்லை இழுத்தார். சாந்து இன்னும் ஈரம்தான். கல் வரவில்லை.

உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.

நகம் பிய்ந்தது. இழுத்தார். கல் வந்தது.

உள்ளே மார்பளவு தண்ணீர். ரேடியோ உயிரோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா கத்தல?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"நீங்கதானே மாமா உள்ள வான்னு கூப்பிட்டீங்க. நீங்கதானே என் வாயைப் பொத்துனீங்க. வாசல்ல வந்துட்டாங்க, சத்தம் போடாதன்னு... அங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க."

பொந்தை வேறு கொத்தனார் வந்து அடைத்துவிட்டார். ரேடியோ இப்போது அண்ணன் வீட்டு மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. பேச்சும் கிடையாது. போன வாரம் போயிருந்தபோது அவன் அறைக் கதவைத் தட்டினேன்.

"உள்ள இருக்கியாப்பா?"

"யாரும் இல்ல," என்று பதில் வந்தது.

என் அண்ணனின் குரல் அது. அண்ணன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.