அம்மா பெயரில் வந்த களை இயந்திரம்

எங்கள் அம்மா தொப்பூர் கணவாய்க்குக் கீழே ஒரு சிற்றூரில் பிறந்து, இண்டூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அப்பா தவறிவிட்டார். பட்டா அம்மாவின் பெயருக்கு மாறியது. காட்டு வேலையும் முழுக்க அவர் தலையில் விழுந்தது. கடலையும் குச்சிக்கிழங்கும் போட்டு எங்களைப் படிக்க வைத்தார், தங்கையைக் கட்டிக் கொடுத்தார். யாரிடமும் முகம் சுளித்துப் பேசியதில்லை. என்னிடமாவது பேசியிருக்கலாம். அதற்கு நான் முழுத் தகுதி உடையவன்.

களை எடுக்கும் இயந்திரத்துக்கு அரசு மானியம் தருகிறது, பெண் விவசாயி என்றால் கூடுதலாகத் தருகிறது என்று கேள்விப்பட்டு அம்மா பெயரில் மனுப் போட்டேன். இயந்திரம் வந்தது. சரிபார்க்க வந்த அதிகாரி, பயனாளி அதனோடு நிற்கும் படம் வேண்டும் என்றார். அம்மா உள்ளே போய், தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

அதிகாரி கிளம்பியதும் அம்மா கேட்டார்:

“எம் பேர்ல வந்த மிசினுதானே சாமி, நானு ஒரு சால் ஓட்டிப் பாக்கட்டுமா?”

“நீ ஓட்டினா ஊர்ல என்னையத்தாம்மா காறித் துப்புவாங்க. போயி சோறாக்கு.”

அவ்வளவுதான். மறுபடி அவர் கேட்கவேயில்லை.

இயந்திரத்தை நான் வாடகைக்கு ஓட்டினேன். எல்லோர் காட்டிலும் களை ஒரே சமயத்தில்தானே வரும்? கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். எங்கள் காடு கடைசிக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பயிர் வீணாகிறதே என்று அம்மாதான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெண் விவசாயி என்று கூடுதல் மானியம் வாங்கிய வீட்டில், அந்தப் பெண் மட்டும் குனிந்தே களை வெட்டினார். இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

கடைசி மாதங்களில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தூரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டால், யார் காட்டில் ஓடுகிறது என்று என் மனைவியிடம் கேட்பாராம். அவள் யாராவது ஒருவர் பெயரைச் சொல்வாள். நம் காட்டில் என்று ஒருநாளும் அவளால் சொல்ல முடியவில்லை.

இந்த நினைவு மலரின் அட்டைக்கு அம்மா தனியாக இருக்கும் படம் தேடினோம். கல்யாணப் படங்களிலெல்லாம் யாருக்காவது பின்னால் பாதி முகமாக நிற்கிறார். அந்த மானியப் படம் ஒன்றுதான் கிடைத்தது. ஸ்டுடியோக்காரர் இயந்திரத்தை வெட்டிவிடலாம் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அம்மாவைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் தங்கைக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் தொப்பூர் மாமன்மார்களுக்கும், இன்று முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

படம் எடுத்த அந்த அதிகாரியின் பெயர் எனக்கு நினைவில்லை. “ரெண்டு கையிலயும் நல்லாப் புடிச்சுக்கோங்கம்மா, இது உங்க மிசினுங்க” என்று அம்மாவிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் நன்றி.