எட்டாத மெசூசா

டொரொன்டோவில் நான் பராமரிக்கும் மிரியம் ஒரு யூத மூதாட்டி. அவர் வீட்டு வாசல் நிலையில் மெசூசா இருக்கிறது. வேத வசனச் சுருளை உள்ளே வைத்த சின்னக் கூடு. வெளியே போகும்போதெல்லாம் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். சக்கர நாற்காலிக்கு மாறியபின் கை எட்டவில்லை.

"உது அவையின்ர சாமி விசயம், நீர் கை வையாதையும்" என்றார் என் கணவர், நான் உதவலாமா என்று வீட்டில் கேட்டபோது.

ஒருநாள் மிரியத்தின் கை பாதியிலேயே விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் பின்னால் இருக்கும் முதியவருக்குத் தீபத்தைத் தொட்டுவந்து கண்ணில் ஒற்றுவோமே, அப்படி மெசூசாவைத் தொட்டு அவர் விரல்களைத் தொட்டேன். வேலை போய்விடுமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மிரியம் அந்த விரல்களை முத்தமிட்டார்.

மறுநாள் வாசலில் அவர் கையை நிலைக்கு உயர்த்தவில்லை, என்னிடம் நீட்டினார்.

வீடு திரும்பியதும் கணவரிடம் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஓம், கை வைச்சனான்."