முப்பத்தொன்றாம் நம்பர் பெட்டி

தாராவியில் சுடலைக்கண்ணன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சுடலைக்கண்ணன் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரு சந்திலேயே மூன்று பேர் உண்டு. ஒருவர் பெல்ட் தைக்கிறார், ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார். நம்முடைய ஆள் ஆம்ப் சுடலை. கிதாரிலிருந்து வயரை இழுத்துச் சொருகினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி முழங்குமே, அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியைச் செய்கிறவர். நாற்பத்தொரு வயது. விரல் நுனியெல்லாம் பற்றவைப்புக் கம்பி சுட்ட தழும்பு. கிதாரில் ஒரு தந்தியைக்கூட மீட்டத் தெரியாது. கேட்டால், "சைக்கிள் கம்பெனிக்காரன் எல்லாரும் சைக்கிளா ஓட்டுதான்?" என்பார்.

பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்தச் சந்தில்தான். பத்தாம் வகுப்பு அவரை வேண்டாம் என்று சொன்னதும் குர்லாவில் மோட்டார் காயில் சுற்றும் கடையில் சேர்ந்தார். பிறகு கணபதி பந்தல்களுக்கு ஸ்பீக்கர் ரிப்பேர். அப்படியே போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மான்குர்த்தில் ஒரு மாதாகோயிலிலிருந்து எரிந்துபோன கறுப்புப் பெட்டி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. முகப்பில் தகட்டில் தமிழிலேயே வெட்டியிருந்தது: 'தனசீலன் – 19'.

தனசீலனை மாதாகோயில்களில் கிதார் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். செம்பூரில் இருந்தவர். ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் வேலை, மீதி நேரம் முழுக்க ஆம்ப். பழைய ரேடியோ வால்வுகளை வைத்து வாழ்நாளில் முப்பத்தொரு பெட்டி செய்தார். அதில் வாசித்தால் கிதாருக்குத் தொண்டை வந்துவிடும் என்பார்கள். பெட்டி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். சுடலைக்கண்ணன் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் பத்தொன்பதாம் நம்பரின் மூடியைத் திறந்தவர் ஆறு நாள் மூடவே இல்லை.

ஒவ்வொரு வயரும் எந்தப் பக்கம் வளைகிறது என்று வரைந்துகொண்டார். எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துச் சுற்றுகளை ஒன்று விடாமல் எண்ணினார். டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் காய்ந்த குருத்தோலை ஒன்று நாலாக மடித்துச் செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இரைச்சலை அடக்க மனுஷன் எப்பேர்ப்பட்ட வித்தை கண்டுபிடித்திருக்கிறார்!

அன்று பிடித்த பைத்தியம்தான். அச்சு அசலாக அதே பெட்டியைச் செய்ய ஆரம்பித்தார். மாட்டுங்காவில் தோரணம் விற்கும் கடையில் குருத்தோலை வாங்கிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் நாலாக மடித்து வைத்தார். ஒரு தடவை ஓலை இல்லாமல் செய்து பார்த்தபோது பெட்டி 'ஙொய்' என்று இரைந்தது. எர்த் வயர் சரியாகப் பிடிக்காததுதான் காரணம். அவர் அதைச் சந்தேகப்படவே இல்லை. ஓலையின் மேல் பக்தி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். முப்பத்தொன்றோடு நின்ற எண்ணிக்கையை நிற்க விடக்கூடாதென்று முப்பத்திரண்டிலிருந்து நம்பர் போட்டார். தகட்டில் 'தனசீலன்' என்றே வெட்டினார். வாங்குகிறவர்களிடம், "செஞ்சது நாந்தான். ஆனா பெட்டி அவரு பெட்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார். பொய் சொல்லத் தெரியாத போலிக்காரர் மும்பையில் அவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் மனைவி பேராச்சி ஸ்கூல் பை தைக்கிறவள். பெட்டிகளுக்கு ரெக்சின் ஒட்டுவதும் அவள்தான். "ஒரு தடவ பச்ச ஒட்டுவோம். கண்ணுக்குக் குளுமையா இருக்கும்" என்று அவள் பலமுறை கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, அவரு கறுப்புதான் ஒட்டுனாரு."

"அவருக்குக் கறுப்புதான் கெடச்சிருக்கும்."

ரெக்சின் கறுப்பாகவே இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தனசீலனை அறிந்த யாராவது ஒருவர் தன் பெட்டியைக் கேட்டுவிட்டு, இது அவர் செய்ததேதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருஷமாகக் காத்துக் கிடந்தார்.

ஆள் வந்தது. செம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் தனசீலனின் மகன் சாஜன் மேடையிலிருந்த பெட்டியில் 'தனசீலன் – 46' என்று படித்து, கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருவரும் தாராவிக்கு வருவதாகத் தகவல் வந்தது.

சுடலைக்கண்ணனுக்கு இரண்டு மனசு. வந்து ஏசுவார்களோ, இனிமேல் செய்யக்கூடாது என்பார்களோ என்று ஒரு பயம். அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்று அதைவிடப் பெரிய ஆசை. நாற்பத்தாறாம் நம்பரைக் கல்யாணத்தில் வாசித்தவர்களிடமிருந்து இரவல் வாங்கித் துடைத்து வைத்தார்.

பட்டறை வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தது. இரும்பு ஏணியில் கையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சாஜனின் அம்மா, அறுபத்தாறு வயதான சேசம்மாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கடகடவென்று ஏறிவிட்டார். மகன்தான் பாதியில் நின்று மூச்சு வாங்கினான்.

"ஸ்குரூ டிரைவர் குடுங்க தம்பி" என்பதுதான் அந்த அம்மாள் பேசிய முதல் வார்த்தை. மூடியைக் கழற்றியதும், "கரண்ட்ட எறக்கியாச்சா?" என்று கேட்டார். வால்வுப் பெட்டிக்குள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை இறக்காமல் கைவைக்கக்கூடாது என்று தெரிந்த ஆள் என்றால் இது வெறும் வீட்டுக்காரம்மா இல்லை. சுடலைக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் எத்தன சுத்து?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பதும்மா. ஒத்தச் சுத்து கொறையாது. அந்த மான்குர்த் பெட்டிலேருந்து எண்ணுனது."

சேசம்மாள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அத்தனையும் சுத்துனது நாந்தான். முப்பத்தோரு பெட்டிக்கும் நாந்தான் சுத்துனேன். கணக்கு மூவாயிரம். பத்தொம்பதுக்குச் சுத்துன அன்னிக்கு இவனுக்கு மணல்வாரி அம்ம. அழுதுக்கிட்டே கெடந்தான். மடியில வச்சிக்கிட்டு சுத்தினதுல அறுவது விட்டுப்போச்சு. அவரு கண்டுபிடிச்சி ஒரு மணி நேரம் கத்துனாரு. பெறவு ஒரு ரெசிஸ்டரை மாத்திப் போட்டுச் சரிக்கட்டுனாரு." குனிந்து உள்ளே பார்த்தார். "அந்த ரெசிஸ்டரையும் போட்டிருக்கீங்களே!"

"போட்டிருக்கேம்மா" என்றார் சுடலைக்கண்ணன். பதினைந்து பெட்டியிலும் சாஜனுடைய மணல்வாரியைச் சுற்றி வைத்திருக்கிறார்.

"இது என்னது?"

"குருத்தோல. உங்க வீட்டுக்காரரு வச்ச சூட்சுமம். இரைச்சல அடக்கும்."

சேசம்மாள் அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடியும் சிரித்தார். "குருத்தோல ஞாயித்துக்குக் கோயில்ல மந்திரிச்சித் தருவாங்கல்ல, அந்த ஓல தம்பி! இந்த மனுசனுக்கு ஷாக் அடிச்சிரக்கூடாதுன்னு அவருக்குத் தெரியாம நாந்தான் செருகி வைப்பேன். பாத்தா எடுத்து வீசிருவாரு. நீங்க எங்க மந்திரிச்சீங்க?"

"மாட்டுங்காவுல வாங்குனேம்மா" என்றார் சுடலைக்கண்ணன். கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த பேராச்சி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு சாஜன் வாசித்துக் காட்டினான். கணீரென்று இருந்தது. சுடலைக்கண்ணன் கேட்டேவிட்டார். "அவரு பெட்டி மாரியே இருக்காம்மா?"

"அப்படியேதான் இருக்கு. பத்தொம்பதாம் நம்பரேதான்." ஐந்து வருஷம் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் அந்த அம்மாள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அந்தப் பத்தொம்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது தம்பி. வித்ததும் தல முழுகுனாரு."

சுடலைக்கண்ணனுக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

அதற்குள் சாஜன் மூலையில் கோணிக்குக் கீழே ஒரு பச்சைப் பெட்டியைக் கண்டுபிடித்து வயரைச் சொருகிவிட்டான். "அது வேண்டாம் சார், அது சும்மா" என்று சுடலைக்கண்ணன் எழுவதற்குள் கிதார் பேச ஆரம்பித்தது. சத்தம் கொஞ்சம்தான், பக்கத்தில் ஒருவர் பேசுகிற அளவு. ஆனால் பெரிய மேடையில் முழுசாகத் திறந்துவிட்டால் வருமே, அந்தக் கரகரப்பும் இழுப்பும் குறையாமல் இருந்தன. தனசீலன் பெட்டியில் அந்தக் குரல் வேண்டுமென்றால் அக்கம்பக்கம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

"க்யா பாத் ஹை!" என்று இந்தியில் வியந்தான் சாஜன். "மம்மி, டாடி பெட்டில இது வராது."

சுடலைக்கண்ணன் குற்றவாளிபோல நின்றார். பக்கத்து வீட்டு ஜெயினுலாப்தீன் பாய் ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர். இங்கே பெட்டியைச் சோதித்தால் அங்கே சுவரில் கரண்டியால் தட்டுவார். தட்டித் தட்டிச் சுவரில் குழியே விழுந்துவிட்டது. அதற்காகக் குர்லாவில் ஒரு பழைய ஸ்டீரியோவின் இரட்டை வால்யூமைக் கழற்றி வந்து, கடைசி வால்வுகளுக்கு முன்னால் பொருத்தி, முன்பக்கம் புதிதாக ஒரு குமிழ் வைத்தார்; அதைத் திருப்பினால் சத்தம் மட்டும் குறையும், குரல் மாறாது. தனசீலன் ஐயா டிசைனில் கைவைத்த பாவம் உறுத்தியதால் நம்பர் போடவில்லை. கணக்கில் சேராத பெட்டி என்பதால்தான் பேராச்சிக்குப் பச்சை ரெக்சின் ஒட்ட அனுமதி கிடைத்தது.

"தப்புதாம்மா. அத வெளிய குடுக்கல" என்றார்.

சேசம்மாள் அந்தக் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். "வர்ற சனிக்கெழம காலைல செம்பூருக்கு வாங்க தம்பி. டிரில் மிஷின் எடுத்துக்கிட்டு வாங்க."

செம்பூரில் மூன்றாம் மாடி. ஹாலில் ஒரு போர்வைக்குக் கீழே முப்பத்தொன்றாம் நம்பர் இருந்தது. தனசீலன் கடைசியாகச் செய்த பெட்டி. அவர் போன பிறகு சாஜன் ஒரே ஒரு தடவை அதில் வாசித்தான். கீழ்வீட்டு வானமாமலை, பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், குடியிருப்புச் சொசைட்டிக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினார். அன்றிலிருந்து ஆறு வருஷமாக அதன் மேல் பூச்சாடிதான் இருக்கிறது.

"உங்க குமிழ இதுல வைங்க" என்றார் சேசம்மாள்.

சுடலைக்கண்ணன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முகப்புத் தகட்டைத் தடவினார். தனசீலன் கையாலேயே வெட்டிய எழுத்து. ஐந்து வருஷமாக ஒரு திருகாணியின் இடத்தைக்கூட மாற்றத் துணியாத மனுஷனிடம் இதில் ஓட்டை போடு என்றால் எப்படிப் போடுவார்? டிரில்லை எடுத்தார், வைத்தார். "முடியாதும்மா. கை வரல."

"அவரு மொதல் நாலு பெட்டி என்னதுன்னு நெனைக்கிற?" சேசம்மாள் இப்போது மகனிடம் பேசுவதுபோலப் பேசினார். "ரிப்பேருக்கு வந்த வெளிநாட்டுப் பெட்டிய அப்படியே பாத்துச் செஞ்சது. அஞ்சாவதுதான் மாத்துனாரு. ஒரு கோயில்ல கரண்ட்டு கொறவு, அந்த டிசைன் அங்க பாடல. மாத்துன அன்னிக்கு அவரும் இப்படித்தான் பேயறஞ்ச மாரி உக்காந்திருந்தாரு. நாந்தான் சோத்தத் தின்னுட்டுப் போய்த் தொளைய போடுங்கன்னு சொன்னேன். நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"அப்ப போடு."

போட்டார். அலுமினியச் சுருள் பொடிப்பொடியாக விழுந்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஓலை இருந்தது, நிஜமாகவே மந்திரித்தது. அதை அலுங்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார். சாஜன் கிதாரை மாட்டிக்கொண்டு, புதுக் குமிழைக் கால்வாசிக்கு வைத்து, அப்பாவுக்குப் பிடித்த ஒரு கோயில் பாட்டை வாசித்தான். சேசம்மாள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுடலைக்கண்ணனும் அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது காலிங்பெல் அடித்தது. வாசலில் வானமாமலை. சாஜன் கை தந்தியிலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டேள்?" என்றார் அவர். "அன்னிக்கு எங்காத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடித்து, அதனால எழுதினேன். இது கேக்க நன்னாருக்கு. ஆனா கீழே சரியா விழலை. கொஞ்சம் ஜாஸ்தி வைக்கப்படாதோ?"

சுடலைக்கண்ணன் எட்டிக் குமிழை ஒரு சிட்டிகை திருப்பினார். வானமாமலை கேட்காமலே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் சேசம்மாள் மேஜையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து வந்தார். "இந்தக் குமிழ் வச்சி இதுவரைக்கும் எத்தன செஞ்சிருக்க?"

"அந்தப் பச்ச ஒண்ணுதாம்மா."

"அப்ப இது ரெண்டு. உம் பேரு போட்டு எழுது. அவரு பேருல நாப்பத்தேழுன்னு இனி எங்கயும் பாத்தேன்னா ஏணியில ஏறி வந்து அடிப்பேன்."

'தனசீலன் – 31' என்ற வெட்டெழுத்து மேலே இருக்க, குமிழுக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினார்: 'சுடலைக்கண்ணன் – 2'. எழுதிவிட்டுப் பேராச்சிக்கு போன் போட்டார்.

"ஏட்டி, அந்தப் பச்ச ரெக்சின் எத்தன மீட்டர் மிச்சம் இருக்கு?"