மூக்கில் மரு, வயிற்றில் ஸ்கேன்

போன வாரம் என் சகலையோடு தேனியில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். சகலைக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். மூக்கிலும் கன்னத்திலும் கடுகு கடுகாக வெள்ளை மருக்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிகிற நேரம்... நிச்சயதார்த்த போட்டோவில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

டாக்டர் ஏற்கெனவே ஒரு மருவை எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். ரிப்போர்ட் வந்துவிட்டது.

"இது மரு இல்லைங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்தா, முடியோட வேர்க்கால்ல இருந்து சன்னமா இழை இழையா கிளைச்சு, சுத்தி நார் மாதிரி வளர்ந்திருக்கு. இதனால ஆபத்தில்ல. ஆனா அபூர்வமா சில குடும்பத்துல இது பரம்பரையா வரும். கூடவே கிட்னியில கட்டியும் வரலாம். உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க பரம்பரையில நோய் நொடியே கிடையாது சார்" - சகலை பட்டென்று சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அப்பா போனதே கிட்னிக் கட்டியில்தானே?

வராண்டாவுக்கு இழுத்துப் போய்க் கேட்டால், காதில் கிசுகிசுக்கிறார். "டாக்டரு பழனிசெட்டிபட்டிக்காரரு, சகல. மாப்பிள்ளை வீடும் அங்கனதான். இவரை விட்டு நம்மளப் பத்தி விசாரிக்கிறாகளோ என்னமோ!"

கல்யாணம் பேசும் வீட்டில் இந்த வியாதி சகஜம். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர்... யார் என்ன கேட்டாலும் உளவு பார்ப்பதாகவே தோன்றும். சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே எனக்கும் ஒரு சந்தேகம் - கிட்னி என்று பயமுறுத்துவது ஸ்கேன் கமிஷனுக்காகவோ? ஸ்கேன் சென்டர் ஏன் அதே கட்டிடத்தின் மாடியில் இருக்கிறது?

கூட வந்திருந்த கொழுந்தியாளுக்கு இந்த மூடுமந்திரமெல்லாம் பிடிக்காது. நேரே உள்ளே போனாள். "இவுக அப்பா கிட்னியில கட்டி வந்துதான் செத்தாக, சார். இவுகளுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

ஸ்கேனில், இடது கிட்னியில் சின்னதாக ஒரு கட்டி. பெரிதாகும் முன்னே மாட்டிக்கொண்டது. மதுரையில் ஆபரேஷன், கட்டியை மட்டும் எடுத்தால் போதுமாம். அந்த ஒரு பொய்யை டாக்டர் நம்பியிருந்தால்?

பரம்பரையாக வருவது என்பதால் மகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். "இதை மாப்பிள்ளை வீட்டுல எப்பிடிச் சொல்ல?" என்று வீட்டுக்கு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் சகலை.

"மாப்பிள்ளைகிட்ட நானே போன்ல சொல்லிட்டேன்ப்பா" என்றாள் மகள்.

"ஆத்தா! என்ன சொன்னாக?"

"உனக்கு டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டாக."

அது அக்கறையா, விசாரணையா? மகளின் ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும்.